நான்கு சனிக்கிழமைகளும் இரண்டு மெசின்களும்

புதன்கிழமை இடைவேளை மணி அடித்துக்கொண்டிருந்தபோது என் போனில் இரண்டு படங்கள் வந்து விழுந்தன. நான் ஒரு பாடசாலைக் காரியாலயத்தில் கிளார்க். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் செம்மஞ்சள் நிறத்தில் மரம் அறுக்கிற மெசின் ஒன்று. இரண்டாவதில் சிவப்பு நிறத்தில் இன்னொன்று. கீழே மகன் எழுதியிருந்தான்: "அம்மா, ரெண்டும் பாவிச்சதுதான். ரெண்டும் பதினெட்டு இஞ்சு. எத எடுக்கலாம்?"

என் வயதுத் தாய்மாருக்குப் பிள்ளைகள் அனுப்பி "எது நல்லா இருக்கு?" என்று கேட்கிற படங்கள் வேறு மாதிரி இருக்கும். பெண்ணின் படம் வரும், இல்லாவிட்டால் சுவருக்கு அடிக்கிற பெயின்டின் நிறம் வரும். எனக்கு வந்தது செயின் சோ. பக்கத்துக் கதிரையில் இருந்த டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மரக்காலை போடப் போறீங்களா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு ஏற்றிய பெயர்களில் ஒரு பிள்ளையை அவனுடைய அப்பாவின் பெயரிலேயே பாடசாலையில் சேர்த்துவிட்டேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மகன் ஆள் தெரியாமல் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருவர் பாவித்த பழைய செயின் சோவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடிய பாடசாலைக் கிளார்க் கண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் அந்த வியாபாரத்தில்தான் இருந்தேன். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கடைசியாக ஒருவர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அன்றைக்கு நான் கைகாட்டிய மெசின்தான் இத்தனை வருடமாக எங்கள் வீட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு மூச்சு விட முடியாது.

அந்தப் படங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, துவைக்கிற வாளியின் அடியில் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பேக் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அவிழ்த்தேன். மகனுடைய நீலச் சட்டை. முதலில் வந்தது மணம்தான்: பெற்றோலில் ஒயில் கலந்தால் வருகிற இனிப்பான, கொஞ்சம் தலை சுற்றுகிற மணம். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த மணம். அதனால் ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு சட்டையை உதறி விரித்தேன். இடது தோளிலிருந்து கொலருக்குக் கீழே வரை துணி கிழிந்து, நார் நாராகத் தொங்கியது. கத்தி வெட்டினால் அப்படி இருக்காது. சங்கிலி கடித்தால்தான் அப்படி இருக்கும். இரத்தம் இல்லை. இரத்தம் இல்லை என்பதை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிழிசல் முடிந்த இடத்துக்கும் கழுத்து இருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் வைக்க இடம் இருந்தது.

மழைக்குப் பிறகு அம்பிட்டியப் பக்கம் ஒரு வீட்டுக்கு மேலே சரிவில் விழுந்து கிடந்த மரத்தை வெட்டப் போயிருக்கிறான். அவனுக்கு இருபத்தாறு வயது. கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து இப்படி விழுந்த மரங்களை வெட்டிக் கொடுக்கிற வேலையைத் தொடங்கி ஐந்து மாதம். மெசின் வாளின் நுனி, இலைக்குள் மறைந்திருந்த இன்னொரு கொப்பில் பட்டிருக்கிறது. மெசின் எகிறித் தோளுக்கு வந்திருக்கிறது. இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பிடுங்கிய விபரம். அவனாகச் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்.

"சட்டைதானம்மா போச்சு."

எந்த மெசின் என்று கேட்டேன். சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். எனக்கு விளங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவனுடைய அப்பாவின் மெசின் இருந்த இடத்தில் நீளமாகத் தூசி இல்லாத ஒரு தடம் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்கூட எனக்கு நெஞ்சு அடிக்கிறது. சட்டையைத் தைக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. அலுமாரியில் என் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். இப்போது என் சேலைகள் எல்லாவற்றிலும் அந்த மணம்.

அந்த மணம்தான் என்னைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது.

நீங்கள் கண்டியிலிருந்து வந்து பாலத்தைக் கடந்திருப்பீர்கள். கடந்து கொஞ்ச தூரம் வந்தால், ஆற்றுப் பக்கமாகச் சரிவில் நின்ற ஒரு தகரக் கூரைக் கடை அது. முன்னால் பார்த்தால் பத்தடிதான். உள்ளே போனால் ஆறு வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் பம்பு, நெல் குற்றுகிற மெசின், ஜெனரேட்டர் என்று பாவித்த சாமான் எல்லாம் விற்றாலும், அதற்குப் பெயர் செயின் சோக் கடைதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் சும்மா இருந்தால் கல்யாணம் பேசிவிடுவார்களே என்ற பயத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ரசீது எழுதுவது, தபால் எழுதுவது, சிங்களத்தில் வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். நல்ல மனிதர், சத்தம்தான் பெரிது. என்னை "மகள்" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே என் அப்பா என்னை அங்கே வேலைக்கு விட்டார்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. செயின் சோ வாங்க வருகிறவர் தன்னுடைய சொந்தக் கட்டையோடு வர வேண்டும். கடையின் கட்டையை வெட்டிக் காட்டினால் முதலாளி மென்மையான கட்டையாகப் பார்த்து வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் "உங்கட மரத்தக் கொண்டாங்கோ, வெட்டிப் பாத்துட்டு எடுங்கோ" என்று ஹாஜியார் சொல்லிவிடுவார். தோட்டத்துக் கங்காணிமார் சவுக்குக் கட்டையோடு வருவார்கள். மாத்தளைப் பக்கத்திலிருந்து மகோகனி வரும். வத்தேகமப் பக்கத்து ஆட்கள் பலா. சனிக்கிழமைகளில் கடை வாசலில் ஆளுக்கொரு கட்டையை அணைத்துக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்தால், பிள்ளைக்குச் சுகமில்லாமல் டொக்டரிடம் கொண்டுவந்தவர்கள் மாதிரி இருக்கும்.

பின்பக்கத்தில் ஒரு குதிரைக் கட்டை. அதில் வைத்து வெட்டுவார்கள். பலாத் தூள் மஞ்சள். மகோகனித் தூள் சிவப்பு. சவுக்குத் தூள் லேசான ரோஸ் நிறம். ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, சனிக்கிழமை பின்னேரம் ஆகும்போது அந்தக் குவியல் கல்யாண வீட்டுக் கேசரித் தட்டு மாதிரி ஆகிவிடும். கீழே ஆற்றில் யானைகளைக் குளிப்பாட்டுவார்கள். மேலே மெசின் கத்தினால் கீழே யானை காதை விரித்து நிற்கும். பாகன் கீழே நின்று சிங்களத்தில் எங்கள் வம்சத்தையே திட்டுவான். ஹாஜியார் மேலே நின்று, "ஒனக்கும் ஒண்டு தாறன், யானையோட வா" என்று பதில் கொடுப்பார். மூன்று வருடமும் ஒவ்வொரு சனியும் இதே சண்டை. நோன்பு காலத்தில் மட்டும் ஹாஜியார் வாய் திறக்க மாட்டார். அப்போது பாகனுக்கும் போரடித்துப் போகும்.

கேட்டுக் கேட்டே எனக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சைலன்சரைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்து பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சங்கிலி ஓடுகிற நீளத் தகட்டை 'பார்' என்பார்கள். அதன் இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று நகத்தால் தடவ வேண்டும். ஓட விட்டு நுனியை ஒரு பேப்பருக்கு நேரே பிடித்தால் ஒயில் கோடு விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது, கயிற்றுச் சோதனை. ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றைப் பிடித்து மெசினை அப்படியே தூக்க வேண்டும். உள்ளே எஞ்சின் பலமாக இருந்தால் மெசின் கயிற்றில் தொங்கி நிற்கும், மெல்ல மெல்லத்தான் இறங்கும். பலம் போன மெசின் தொப்பென்று இறங்கிவிடும். தொங்கி நின்றால் கூடியிருக்கிறவர்கள் "ஆ..." என்பார்கள். அந்த "ஆ"வுக்குத்தான் அந்தக் காலத்தில் மெசின் விற்றது.

யாரும் பார்க்காத ஒன்று இருந்தது. முன் கைப்பிடிக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிற ஒரு தகடு. கையைச் சங்கிலியிலிருந்து மறைப்பதும் அதுதான். மெசின் எகிறினால் அந்தத் தகடு கையில் பட்டு முன்னால் சாயும். சாய்ந்தவுடன் சங்கிலி அப்படியே நின்றுவிடும், பிரேக். ஆனால் மரம் வெட்டுகிறவர்களுக்கு அது இடைஞ்சல். கொப்புகளுக்கு நடுவில் சிக்குகிறது என்று வாங்கின மறுநாளே கழற்றி எறிந்துவிடுவார்கள். எங்கள் கடைக்கு வந்த மெசின்களில் பாதிக்கு மேல் தகடு இல்லாதவைதான். தகடு இருக்கிற மெசினைப் பார்த்தால், தோட்டத்துத் துரைமார் அழகுக்கு வைத்திருந்தது என்கிற மாதிரி, "இது தொர மெசின், வேல செஞ்ச மெசின் இல்ல" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் கடைக்குத்தான் அவர் வந்தார். திகனப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். செல்வராஜ் என்று பெயர். உரச் சாக்கில் சுற்றிய சவுக்குக் கட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். கொண்டக்டர் ஜன்னலால் தலையை நீட்டி, "அடுத்த கிழம அவருக்கும் டிக்கட் எடுக்கணும், சரியா?" என்று கட்டையைக் காட்டிக் கத்தினான். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. உயரமான மனிதர். கூச்சத்தில் பாதி உயரத்தை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு நிற்பார்.

கடையில் அன்றைக்கு நடுத்தர மெசின்கள் இரண்டுதான் இருந்தன. ஒன்று ஒரு தோட்டத்து பங்களாவிலிருந்து வந்தது. தகடு இருந்தது. ஸ்டார்ட் ஆக ஆறேழு இழுவை வேண்டும், கயிற்றில் தூக்கினால் சும்மா சுமாராக நின்றது. மற்றது மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் உழைத்த மெசின். தகடு இல்லை. இரண்டே இழுவையில் உறுமும். கயிற்றில் தூக்கினால் வௌவால் மாதிரித் தொங்கும். அவர் இரண்டிலும் வெட்டிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "யோசிச்சிட்டு வாறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெட்டிய சவுக்கு வட்டம் ஒன்றை என் மேசையில் வைத்து, "டீக் கப்பு வைக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த சனி பலாக் கட்டையோடு வந்தார். அதற்கடுத்த சனி என்ன மரம் என்று அவருக்கே தெரியாத ஒரு கட்டை. ஒவ்வொரு தரமும் வெட்டுவார், யோசிப்பார், ஒரு வட்டத்தை என் மேசையில் வைப்பார். ஹாஜியார் மூன்றாவது சனி என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்.

"மகள், இந்தத் தம்பி மெசின் வாங்க வாறாரா, எங்களுக்கு வெறகு விக்க வாறாரா எண்டு கொஞ்சம் கேட்டுச் செல்லுங்கோ."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் விளங்கவில்லை. முடிவெடுக்கத் தெரியாத மனிதர் என்றுதான் நினைத்தேன். பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்ன மூளை அது.

நாலாவது சனி. ஹாஜியார் பகல் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். வாங்க வந்தவர் இரண்டு மெசின்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. ரெண்டுல எது?"

அதுவரைக்கும் அந்தக் கடையில் யாரும் என்னிடம் மெசினைப் பற்றிக் கேட்டதில்லை. திகதி கேட்பார்கள், ரசீது கேட்பார்கள், முதலாளி எங்கே என்று கேட்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. பாவாடை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, மரக்காலை மெசினின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். தொங்கியது. மெசின் அசையவில்லை.

"பாத்தீங்களா? இதுதான் மெசின். மத்தது தொர மெசின்."

"தகடு இல்லியே?" என்றார்.

"அதெல்லாம் வேல தெரியாதவங்களுக்கு."

இந்த வசனத்தை நான் எத்தனை தரம் மனதில் திரும்பச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருபது வயதில், ஒரு நாள்கூட மரம் வெட்டியிராத ஒருத்தி, பதினாலு வயதிலிருந்து மரம் ஏறிய ஒருவருக்குச் சொன்ன வசனம். அவர் தலையாட்டினார். நான் ரசீதுப் புத்தகம் எடுக்க உள்ளே போனேன். அலுமாரிப் பூட்டுக்குள் திறப்பு திருகாமல் சிக்கிக்கொண்டதால் வர நேரமாகிவிட்டது. வெளியே வந்தபோது ஹாஜியார் தொழுகை முடிந்து வந்திருந்தார். அவரும் இவரும் தூள் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். விலை பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

மெசினோடு போனவர் இரண்டு மாதத்தில் தன் அக்காவோடு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். அப்போதுதான் எனக்கு அந்த நான்கு கட்டைகளும் விளங்கின.

கல்யாணமாகி எட்டாவது மாதம். நான் வயிற்றில் மூத்த பிள்ளையோடு இருந்தேன் (இப்போது கொழும்பில் இருக்கிற மகள்). அம்பிட்டியவில் வாடகை வீடு. ஒரு பகல் வேளை, அவரோடு வேலை செய்த இருவர் வந்து வாசலில் நின்று, "அண்ணிக்கு ஒண்ணும் சொல்லாத" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. மெசின் எகிறியிருக்கிறது. மறைக்கத் தகடு இல்லாததால் முன் கைப்பிடியிலிருந்த இடது கை வழுக்கிச் சங்கிலிக்குப் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் கடைசி இரண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. சோற்றுத் தட்டை ஏந்தும்போது இன்னொருவரைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி இடது கையில் அந்த இரண்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். என்னைத்தான் சுட்டுகின்றன என்று எனக்குத் தோன்றும்.

வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். நான் சொன்னதால்தானே என்று அழுதேன்.

"மெசின்ல பிழ இல்ல," என்றார். "நான்தான் நுனியப் பாக்கல. நீ அழுது வைக்காத, வயித்துக்குள்ள இருக்கிறவருக்குக் கேக்கும்."

அந்த மெசினை அவர் விற்கவே இல்லை. "இத இன்னொருத்தர் தலையில கட்ட ஏலாது" என்பார். தகடு தேடினார். அந்த மொடலுக்குத் தகடு கிடைக்கவில்லை. அதே மெசினில், கட்டைவிரலைக் கைப்பிடிக்குக் கீழே சுற்றிப் பிடித்து, நுனியைப் பார்த்துப் பார்த்து, இருபது வருடத்துக்கு மேல் மரம் வெட்டி எங்கள் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். காலையில் அவர் மெசினைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நான் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிப் பின்னால் கூப்பிட்டுவிடுவேன். குடை, சாப்பாட்டுப் பார்சல், ஒன்றும் இல்லாவிட்டால் "நேரத்தோட வாங்க." போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பார்கள். எனக்கு அது தெரியாதா? திரும்பிப் பார்க்கிற ஒரு நிமிடம்கூட மெசினிலிருந்து தூரம்தானே என்ற கணக்கு.

மெசின் அவரைக் கொண்டுபோகவில்லை. நெஞ்சு வலிதான் கொண்டுபோனது, நாலு வருடத்துக்கு முன், வீட்டில், கதிரையில் இருந்தபடியே. செத்த வீட்டுக்கு ஹாஜியார் வந்திருந்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, படி படியாக நின்று நின்று இறங்கி வந்தார். சத்தமெல்லாம் குறைந்துவிட்டது. வந்தவர் என் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்:

"மகள், அண்டைக்கு நான் தொழுதுட்டு வந்த நேரம், 'ஹாஜி, தகடு இல்லாதது ஆபத்துத்தானே' எண்டு அவர் என்னட்டக் கேட்டார். ஓம் தம்பி, மத்தத எடுங்க எண்டு சென்னேன். 'எனக்கும் மத்ததுதான் புடிச்சீக்கி. ஆனா அவங்க இதத்தானே காட்டினாங்க' எண்டு சென்னார். நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடா."

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் முடிவெடுக்கத் தெரியாத மனிதர் இல்லை. முதல் சனிக்கிழமையே எது நல்லது என்று அவருக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் பக்கத்தில் படுத்தவர் ஒரு நாள், ஒரு கோபத்தில், குழம்பில் உப்புக் கூடின நாளில்கூட, "நீ சொல்லித்தானே எடுத்தேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து முடித்திருக்கலாம். இப்போது யாரோடு பிடிப்பது?

இதெல்லாம் மகனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, அப்பாவின் விரல்கள் மடங்காது என்பது மட்டும்தான்.

சட்டையைக் கண்ட அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம் என்றேன். கடை ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். கிளார்க் சம்பளத்தில் கடை போடுகிறவள்! அவன் சத்தம் போடவில்லை. "மரம் விழுந்துக்கிட்டேதான் இருக்கும்மா, யாராவது வெட்டணும்ல. புதுசு வாங்கச் சக்தி இல்ல. நல்லதா ஒண்ணு பாவிச்சது தேடுறேன். வேணாம்னா சொல்லுங்க, அப்பாவோடதையே பாவிக்கிறேன்." பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவனுடைய அப்பா மாதிரியே, இருப்பதைச் சொன்னான். அதன் பிறகுதான் புதன்கிழமை அந்த இரண்டு படங்கள்.

பதில் எழுதவில்லை. சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.

விற்கிறவர் திகனயில். வீட்டுக்குப் பக்கத்துக் கராஜில் வைத்து வியாபாரம் செய்கிற முஸ்லிம் தம்பி. முப்பது வயது இருக்கும். நான் திரீவீலிலிருந்து இறங்கி, பின்சீட்டிலிருந்து சாக்கில் சுற்றிய பலாக் கட்டையை இழுத்து எடுத்தேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் தம்பி திகைத்துப்போனார்.

"என்ன ஆன்டி இது?"

"வெட்டிப் பாக்க."

"வீடியோ அனுப்பித்தானே ஈக்கி? ஸ்டார்ட் பண்றது, ஓடுறது எல்லாம் ஈக்கி. நேத்துக்கூட வீடியோ பாத்துட்டே ஒண்டு மட்டக்களப்புக்குப் போச்சு."

"வீடியோ எங்க மரத்த வெட்டாதே தம்பி."

சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை. ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் கட்டையை நிறுத்திக் கொடுத்தார்.

செம்மஞ்சள் மெசினின் கயிற்றைப் பிடித்துத் தூக்கினேன். இப்போது என் கைக்கு அந்தப் பலம் இல்லை. மகன் கீழே கை கொடுத்தான். நின்றது, அசையாமல். "பாத்தீங்களாம்மா!" என்றான். முகமெல்லாம் வெளிச்சம். சிவப்பு சுமாராக நின்று, மெல்ல இறங்கியது. கட்டுகஸ்தோட்டையின் அந்த இரண்டு மெசின்களும் நிறம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் இந்தத் தடவை இரண்டிலும் தகடு இருந்தது.

"ஓட விட்டுத் தகட்டத் தள்ளு," என்றேன்.

செம்மஞ்சளை ஓட விட்டு, கைப்பிடியை விடாமல் மணிக்கட்டால் தகட்டை முன்னால் தள்ளினான். தகடு சாய்ந்தது. சங்கிலி நிற்கவில்லை. தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தது. உள்ளே பிரேக் பட்டியை யாரோ கழற்றியிருக்கிறார்கள். வெளியே பார்வைக்குத் தகடு. சிவப்பை ஓட விட்டுத் தள்ளினான். டக். அந்த இடத்திலேயே நின்றது. அந்தத் தம்பி உண்மையாகவே அதிர்ந்துபோனார். "அல்லாவே, எனக்குத் தெரியா ஆன்டி, வாங்கினபடியேதான் வச்சீக்கேன்" என்றார். நம்பினேன். நாங்களும் பார்க்காமல்தானே விற்றோம்.

மகன் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டையும் பார்த்தான். செம்மஞ்சள்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. அது நல்ல எஞ்சின், எனக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கம்மா. ரெண்டுல எது?"

சிவப்பு என்று தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் எடுப்பான். நான் சொன்னேன் என்பதற்காகவே எடுப்பான். நாளைக்கு அது கொப்புக்கு நடுவில் சிக்கும்போது, அம்மா சொன்னதால் எடுத்த மெசின்தானே என்று அவனே அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்தாலும் எறிவான். சொல்லாவிட்டாலோ, செம்மஞ்சளை எடுத்துக்கொண்டு நேரே மலைக்குப் போவான். நான் அந்தப் பலாக் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு சனிக்கிழமைகளை, தொர மெசின் என்று நான் சிரித்ததை, ஹாஜியார் செத்த வீட்டில் சொன்னதை. கராஜ்காரத் தம்பியும் ஒரு ஸ்பெனரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பேருக்குத்தான் துடைத்தார், ஒரே ஸ்பெனர்.

"அதுனால நான் சொல்றேன்னு எதையும் எடுக்காத," என்றேன். "உனக்கு எது சரின்னு படுதோ, அத என் முகத்துக்கு நேரா சொல்லி எடு. நான் பிழையா சொன்னா சண்ட போடு. உங்கப்பா போடல."

மகன் இடது தோளைத் தடவிக்கொண்டான். தானறியாமல் தடவினான் என்று நினைக்கிறேன். பிறகு சிவப்பு மெசினுக்கு முன் குந்தி, தகட்டைப் பின்னால் இழுத்தான், தள்ளினான், இழுத்தான், தள்ளினான். அந்த டக் சத்தத்தை ஏழெட்டுத் தரம் கேட்டான்.

"எஞ்சின் கொஞ்சம் சோர்வுதான். ரிங் மாத்தினா சரியாகும்," என்றான். "எஞ்சினுக்கு சாமான் வாங்கலாம். கழுத்துக்கு வாங்க ஏலாதே. இதத்தான் எடுக்கிறேன். நீங்க செம்மஞ்சள்னு சொன்னாலும் இதத்தான் எடுப்பேன்."

எனக்கு வந்த அழுகையைப் பார்த்து அந்தத் தம்பி உள்ளே ஓடித் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

திரும்பி வரும்போது மகன் கேட்டான்: "அப்பாவா இருந்தா இன்னைக்கு எத எடுத்திருப்பாரும்மா?"

"எதையும் எடுத்திருக்க மாட்டார். யோசிச்சிட்டு வாறேன்னுட்டு இன்னும் மூணு சனிக்கிழம வந்திருப்பார்."

இரண்டு பேரும் சிரித்தோம். திரீவீல்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் காலையில் இறங்கும்போது நான் இப்போதும் பின்னால் கூப்பிடுகிறேன். பழைய மெசினை அவன் தொடுவதில்லை. அதன் சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டியாகிவிட்டது. நீலச் சட்டையைக் கிழித்து, சிவப்பு மெசினைத் துடைக்கிற துணியாக அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு கட்டுகஸ்தோட்டையில் பஸ் நெரிசலில் நின்றபோது அந்த இடத்தைத் தேடினேன். கண்ணாடி போட்ட போன் கடை ஒன்று நிற்கிறது. பின்பக்கச் சரிவில் கொங்கிரீட் சுவர் கட்டிவிட்டார்கள். அங்கே நின்றால் ஆறு தெரியாது. யானைகள் குளிக்க வருவதில்லை, திட்டுகிற பாகனும் இல்லை, ஹாஜியாரும் போன வருடம் மௌத்தாகிவிட்டார். சொந்தக் கட்டையை அணைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருக்கிறவர்கள் யாரும் இல்லை. மூன்று நிறத் தூள் குவியல் இல்லை.

அவர் என் மேசையில் வைத்த நாலு வட்டங்களில் மூன்றை எப்போதோ வீடு மாறும்போது தொலைத்துவிட்டோம். சவுக்கு வட்டம் ஒன்றுதான் மிச்சம். முப்பது வருடம் டீக் கப்பு வைத்து வைத்து நடுவில் கறுத்துப் போயிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து அதை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தேயிலை மணம்தான் வந்தது. மரத்தின் மணம் போயே விட்டது.